புரதத்தின் வடிவம் வேண்டும்: தரவுத்தளமா, ஆல்ஃபாஃபோல்டு 3-ஆ, ஆய்வுக்கூடமா?

உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர் முன்னும், சிறிய ஆய்வுக்கூடம் நடத்தும் பேராசிரியர் முன்னும் இன்று அடிக்கடி வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசை கையில் இருக்கிறது. அதன் முப்பரிமாண வடிவம் தெரிந்தால்தான் அடுத்த சோதனையைத் திட்டமிட முடியும். அந்த வடிவத்தை எங்கிருந்து பெறுவது? பத்தாண்டுகளுக்கு முன் இதற்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் இருந்தது: புரதத்தைத் தூய்மைப்படுத்து, படிகமாக்கு, எக்ஸ்-கதிரில் வை. இப்போது விடைகள் பல. வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டின் தரவுத்தளத்தில் ஆயத்தமாக இருக்கும் வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம். அதை உலாவியிலேயே இயக்க உதவும் கோலப்ஃபோல்டு வழியே நாமே கணித்துக்கொள்ளலாம். ஆல்ஃபாஃபோல்டு 3 சேவையகத்தில் கொடுக்கலாம். போல்ட்ஸ்-2 போன்ற திறந்த மென்பொருளை நம் கணினியிலேயே இயக்கலாம். அல்லது பழைய வழியிலேயே சோதனை செய்யலாம்.

இவற்றுள் எது மிகத் துல்லியமானது என்று மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள் பலரைப் பார்க்கிறேன். அந்தக் கேள்வி போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். வடிவம் கிடைத்த பிறகு அதனிடம் என்ன கேட்கப்போகிறோம் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டால், தேர்வு பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட, எல்லாருக்கும் தெரிந்த ஒரு புரதத்தை எடுத்து, ஒவ்வொரு வழியும் அதைப் பற்றி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பது பயன் தரும். நான் எடுத்துக்கொள்வது ஹீமோகுளோபின். அதன் வடிவமும் வேலையும் நோய்களும் நன்கு அறியப்பட்டவை. ஆகவே கணிப்பு எங்கே நிற்கிறது என்பதை அதைக் கொண்டு அளக்க முடியும்.

ஒரு சிறு பின்னணி. அமினோ அமில வரிசையே புரதத்தின் மடிப்பைத் தீர்மானிக்கிறது என்பதை ரைபோநியூக்ளியேஸ் நொதியைக் கொண்டு காட்டிய கிறிஸ்டியன் அன்ஃபின்சன் 1972-இல் நோபல் பரிசு பெற்றார். அப்படியானால் வரிசையிலிருந்தே வடிவத்தைக் கணிக்க முடிய வேண்டும். அந்த முயற்சிகளை நடுநிலையாக மதிப்பிட 1994-இல் தொடங்கி, ஈராண்டுக்கு ஒருமுறை காஸ்ப் என்னும் போட்டி நடந்துவருகிறது. 2020-இல் நடந்த பதினான்காவது போட்டியில் டீப்மைண்டு நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்டு 2, நூற்றுக்கு 92.4 என்னும் இடைநிலை மதிப்பெண் பெற்றது; பல புரதங்களில் அதன் கணிப்பு சோதனை முடிவுகளுக்கு நிகராக இருந்தது. 2024-இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும், மறு பாதி புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கருக்கும் கிடைத்தது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 1971-இல் 7 வடிவங்களோடு தொடங்கி, 2023-இல் 2 லட்சத்தைத் தாண்டிய, சோதனையில் கண்டறிந்த வடிவங்களைச் சேமிக்கும் புரதத் தரவு வங்கி இல்லாமல் இந்த மென்பொருள்களுக்குக் கற்றுக்கொள்ள எதுவும் இருந்திருக்காது. மேக்ஸ் பெரூட்ஸ் 1937-இல் கேம்பிரிட்ஜில் ஹீமோகுளோபின் படிகங்களோடு தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துத்தான் அதன் வடிவத்தைக் கண்டார். அத்தகைய உழைப்பின் திரட்சிதான் இன்று சில நிமிடங்களில் கணிப்பாக நம் திரையில் வருகிறது.

ஆயத்தமாக இருக்கும் வடிவம்

ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தோடு இணைந்து 2021-இல் திறக்கப்பட்ட ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளம், 2022 ஜூலையில் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களை உள்ளடக்கியதாக விரிந்தது. கட்டணமில்லை, மூலத்தைக் குறிப்பிட்டால் வணிக ஆய்வுக்கும் பயன்படுத்தலாம். எந்த ஆய்வுக்கும் முதல் படி இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. இங்கே பத்து நிமிடம் தேடாமல் கணிப்பு மென்பொருளை நிறுவத் தொடங்குவது வீண் உழைப்பு.

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை அதில் திறந்து பாருங்கள். எட்டுச் சுருள்களும் ஏறத்தாழ முழுவதும் அடர்நீலத்தில் தெரியும். அடர்நீலம் என்றால், 0 முதல் 100 வரையிலான நம்பக மதிப்பெண்ணில் அந்த இடம் 90-க்கு மேல் பெற்றிருக்கிறது என்று பொருள். 70 முதல் 90 வரை வெளிர்நீலம், 50 முதல் 70 வரை மஞ்சள், அதற்கும் கீழே ஆரஞ்சு. ஆய்வுக்கூடப் பேச்சில் இந்த மதிப்பெண்ணை பிஎல்டிடிடி என்கிறார்கள். நம் சங்கிலி நீலமாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிட்டு, சுருள்களுக்கு நடுவே பார்த்தால் ஒரு வெற்றிடம் தெரியும். ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் ஹீம் இருக்க வேண்டிய இடம் அது. ஹீமின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் ஹிஸ்டிடின், சரியான திசையில் பக்கச் சங்கிலியை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பிடிக்கத்தான் அங்கே ஒன்றும் இல்லை. இந்தத் தரவுத்தளத்தின் வடிவங்களைக் கணித்த ஆல்ஃபாஃபோல்டு 2 அமினோ அமிலங்களை மட்டுமே அறியும். உலோக அயனி, துணைநொதி, சர்க்கரை, நீர் எதுவும் அதன் கணக்கில் வராது. துத்தநாகமோ ஏடிபியோ தேவைப்படும் நொதியை ஆராய்பவர் இதை மனத்தில் கொள்ளாமல் அந்த வெற்றிடத்தை உண்மையான குழி என்று எடுத்துக்கொண்டால், முழு ஆய்வும் தடம் மாறிப்போகும்.

இன்னும் சிறிய ஒரு பொறியும் இங்கே உண்டு. அரிவாள் செல் நோய்க்குக் காரணமான திரிபைப் பாடநூல்கள் பீட்டா சங்கிலியின் 6-ஆம் இடம் என்று சொல்லும். தரவுத்தளமோ, தொடக்க மெத்தியோனினையும் சேர்த்து எண்ணும் யூனிப்ராட் என்னும் புரத வரிசைத் தரவுத்தளத்தைப் பின்பற்றுகிறது. அதில் அந்த குளூட்டாமிக் அமிலம் 7-ஆம் இடத்தில் இருக்கிறது. எண்ணைச் சரிபார்க்காமல், திரிபை உண்டாக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரை வடிவமைத்தால் பக்கத்து அமினோ அமிலம் மாறிவிடும். சோதனை தோற்ற பிறகு காரணம் தேடிக் களைப்பதைவிட, வரிசையை ஒருமுறை விரலால் எண்ணிப் பார்ப்பது எளிது.

மனிதப் புரதங்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டால் நிலைமை இவ்வளவு நீலமாக இல்லை. 2021-இல் வெளியான ஆய்வறிக்கையின்படி, மனிதப் புரதத் தொகுதியிலுள்ள அமினோ அமிலங்களில் 58 விழுக்காடு மட்டுமே நம்பத்தக்க கணிப்பைப் பெற்றன. மிக உயர்ந்த நம்பகம் பெற்றவை 36 விழுக்காடு. மீதியுள்ள ஆரஞ்சு நிற இழைகள் பெரும்பாலும் நிலையான வடிவமே இல்லாத பகுதிகள். மென்பொருள் தோற்றுவிட்டது என்று அவற்றைக் கொள்ள வேண்டியதில்லை. ‘இங்கே வடிவம் இல்லாமல் இருக்கலாம்’ என்று அது சொல்வதாகவே படிக்க வேண்டும். நம்பக மதிப்பெண்ணோடு, பிஏஇ என்னும் சதுர வரைபடத்தையும் தவறாமல் பார்க்க வேண்டும். இரண்டு பகுதிகள் தனித்தனியே அடர்நீலமாக இருந்தும், ஒன்றுக்கு மற்றொன்று எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது மென்பொருளுக்கே தெரியாமல் இருக்கக்கூடும்; அதை அந்த வரைபடம்தான் காட்டும்.

நாமே கணிப்பது

தரவுத்தளத்தில் இல்லாத வரிசை, நாமே வெட்டி ஒட்டிய புரதம், இரண்டு புரதங்கள் சேர்ந்த கூட்டு ஆகியவற்றுக்குத் தனியே கணிக்க வேண்டியிருக்கும். ஆல்ஃபாஃபோல்டு 2-ஐ முழுமையாக நிறுவுவதற்கு 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வரிசைத் தரவு தேவை. சிறு ஆய்வுக்கூடத்துக்கு அது சுமை. அந்தச் சுமையை நீக்கியது 2022-இல் வெளிவந்த கோலப்ஃபோல்டு. வரிசை ஒப்பீட்டைத் தொலைவிலுள்ள கணினியில் விரைவாகச் செய்துவிட்டு, கணிப்பைக் கூகுள் கோலப் வழங்கும் ஜிபியு என்னும் வேகக் கணிப்புச் செயலியில் நடத்துவதால், இணைய இணைப்பும் உலாவியும் உள்ள எந்த மாணவரும் அதைப் பயன்படுத்த முடிகிறது. விலையுயர்ந்த கருவி இல்லாத கல்லூரிகளுக்கு இந்தத் துறையில் கிடைத்த மிகப் பெரிய உதவி இதுவே என்பது என் கருத்து.

மெட்டா நிறுவனத்தின் இஎஸ்எம்ஃபோல்டு வரிசை ஒப்பீட்டையே தவிர்த்து, மொழி மாதிரி ஒன்றைக் கொண்டு ஒற்றை வரிசையிலிருந்து வடிவத்தைத் தருகிறது. வேகம் அதிகம், துல்லியம் பொதுவாக ஆல்ஃபாஃபோல்டு 2-ஐவிடக் குறைவு. மண்ணிலும் கடலிலும் எடுத்த மாதிரிகளிலிருந்து கிடைத்த ஆயிரக்கணக்கான வரிசைகளைச் சல்லடை போட வேண்டியவர்களுக்கு அது பொருந்தும். ஒரே ஒரு புரதத்தை ஆழ்ந்து ஆராய்பவருக்கு அதனால் பெரிய ஆதாயமில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் நீளமாகச் சொல்லப்பட வேண்டியது. திரிபு ஏற்பட்ட வரிசையைக் கொடுத்து, இயல்பான வடிவத்தோடு ஒப்பிட்டு, ‘வடிவம் மாறவில்லை, ஆகவே இந்தத் திரிபால் தீங்கில்லை’ என்று முடிவு செய்யும் ஆய்வேடுகள் வந்துகொண்டிருக்கின்றன. அரிவாள் செல் திரிபையே கொடுத்துப் பாருங்கள். குளூட்டாமிக் அமிலம் வேலினாக மாறிய சங்கிலியும் ஏறத்தாழ அதே வடிவத்தையே தரும். அது கணிப்பின் பிழைகூட அன்று. அந்த ஒற்றைச் சங்கிலியின் மடிப்பு உண்மையிலேயே பெரிதாக மாறுவதில்லை. நோய் இருப்பது வேறிடத்தில். ஆக்சிஜனை இழந்த நிலையில், ஒரு ஹீமோகுளோபினின் புறப்பரப்பிலுள்ள அந்த வேலின், பக்கத்து ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 85-ஆம் இடத்து ஃபினைல்அலனினும் 88-ஆம் இடத்து லியூசினும் அமைக்கும் நீர்வெறுக்கும் குழியில் போய்ப் பொருந்துகிறது. அப்படியே ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு இழுக்கின்றன. ஒற்றை மூலக்கூற்றின் படத்தில் இது எதுவும் தெரியாது. 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடையே இந்தப் பண்பைக் கண்டறிந்து எழுதினார்கள்; அந்த மக்களின் சந்ததியினர் இன்றும் இந்நோயோடு வாழ்கிறார்கள். திரிபைத் தீங்கற்றது என்று எளிதாக முத்திரை குத்துவதன் விலையை நினைவில் வைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

திரிபுகளின் தீங்கை மதிப்பிடுவதற்கென்றே 2023-இல் ஆல்ஃபாமிஸ்சென்ஸ் வந்தது. மனிதப் புரதங்களில் நிகழக்கூடிய 7.1 கோடி ஒற்றை அமினோ அமில மாற்றங்களுக்கு அது மதிப்பெண் தருகிறது. கேள்வி திரிபைப் பற்றியதென்றால் அங்கே தொடங்குவது முறை. அதுவும் எந்தத் திரிபை முதலில் சோதிப்பது என்று வரிசைப்படுத்த உதவும் அளவுக்குத்தான். நோயறிதலின் இடத்தில் அதை வைக்க முடியாது.

ஆல்ஃபாஃபோல்டு 3-உம் அதன் திறந்த போட்டியாளர்களும்

2024 மே மாதம் வெளியான ஆல்ஃபாஃபோல்டு 3, புரதத்தோடு டிஎன்ஏ, ஆர்என்ஏ, அயனிகள், சிறு மூலக்கூறுகள் அனைத்தையும் சேர்த்துக் கணிக்கிறது. ஹீமோகுளோபினை இப்போது உரியபடி கேட்கலாம்: 141 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா சங்கிலி இரண்டு, 146 கொண்ட பீட்டா சங்கிலி இரண்டு, நான்கு ஹீம். சேவையகம் ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் ஓர் அலகாகவும், ஹீம் போன்ற மூலக்கூறில் ஹைட்ரஜன் தவிர்த்த ஒவ்வோர் அணுவையும் ஓர் அலகாகவும் எண்ணுகிறது. ஹீமில் அத்தகைய அணுக்கள் 43. ஆக மொத்தம் 574-உம் 172-உம் சேர்ந்து 746 அலகுகள்; 5,000 என்னும் வரம்புக்குள் எளிதாக அடங்கும். தரவுத்தளத்தில் வெறுமையாக இருந்த குழி இங்கே நிரம்பிவிடுகிறது. நிறுவல் வேண்டாம், நிரல் எழுதத் தெரிய வேண்டாம்; நாளொன்றுக்கு இத்தனை பணிகள் என்னும் வரம்பு மட்டும் உண்டு.

இவ்வளவு எளிதாகக் கிடைப்பதால்தான் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. முதலாவதாக, ஹீமோகுளோபினில் கிடைக்கும் வெற்றி மென்பொருளின் ஆற்றலுக்குச் சான்றாகாது. ஹீமோகுளோபின் வடிவங்கள் தரவு வங்கியில் நிறைந்திருக்கின்றன, அது பயிற்சியிலேயே பார்த்த ஒன்று. நாம் ஆராயும் புரதத்தின் உறவினர் எவரும் அந்த வங்கியில் இல்லையென்றால், இதே அளவு நம்பிக்கை வைக்க இடமில்லை. இரண்டாவதாக, ஹீமோகுளோபின் ஆக்சிஜனை ஏற்ற நிலையில் ஒரு வடிவத்தையும் இழந்த நிலையில் மற்றொரு வடிவத்தையும் கொள்கிறது; அதன் வேலையே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. ‘இந்த நிலையைத் தா’ என்று மென்பொருளுக்குக் கட்டளையிட நேரான வழியில்லை. இது ஹீமோகுளோபினோடு முடிகிற குறையன்று. ஆல்ஃபாஃபோல்டு 3-ஐ உருவாக்கியவர்களே தம் ஆய்வறிக்கையில் செரிப்ளான் புரதத்தைக் காட்டி இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்: துணை மூலக்கூறு இல்லாதபோது திறந்திருக்க வேண்டிய அப்புரதத்தை, மென்பொருள் எப்போதும் மூடிய வடிவிலேயே கணித்தது.

மூன்றாவது கவலை ஆழமானது. இந்த மென்பொருள்கள் இயற்பியலைக் கற்றிருக்கின்றனவா, அல்லது பார்த்த வடிவங்களை நினைவில் வைத்துத் திருப்பித் தருகின்றனவா? 2025-இல் வெளியான ஓர் ஆய்வில் சிடிகே2 என்னும் நொதியில் ஏடிபி அமரும் குழியின் அமினோ அமிலங்களைக் கிளைசினாகவும், பிறகு இடத்தையே அடைத்துவிடும் ஃபினைல்அலனினாகவும் மாற்றிக் கொடுத்தார்கள். பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் போன பிறகும் கணிப்புகள் ஏடிபியை ஏறத்தாழ அதே இடத்தில் உட்கார வைத்தன. மருந்து மூலக்கூறைத் தேடுபவர் இந்த முடிவை ஊன்றிப் படிக்க வேண்டும். தம் புரதத்திலும் இதையே செய்து பார்ப்பது நல்லது: குழியின் முக்கியமான அமினோ அமிலங்களை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு மீண்டும் கணிக்கச் சொல்லுங்கள். மூலக்கூறு அசையாமல் அதே இடத்தில் இருந்தால், முதலில் கிடைத்த அழகான படத்துக்கும் அவ்வளவுதான் மதிப்பு.

அடுத்தது உரிமம். ஆல்ஃபாஃபோல்டு 3-இன் ஆய்வறிக்கை நிரல் இல்லாமல் வெளியிடப்பட்டபோது ஆய்வாளர்கள் பலர் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2024 நவம்பரில் நிரல் வெளியானது, பயிற்சியில் மென்பொருள் கற்ற எண்களான எடைகள் கல்விசார் ஆய்வாளர்களுக்கு விண்ணப்பத்தின் பேரில் கிடைக்கின்றன. சேவையகத்தின் முடிவுகளை வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அவற்றைக் கொண்டு இதுபோன்ற வேறொரு மென்பொருளைப் பயிற்றுவிக்கவும் கூடாது. பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்காகச் செய்யும் ஆய்வுக்கு இது தடையில்லை. ஆனால் அந்த ஆய்வு காப்புரிமையாகவோ சிறு நிறுவனமாகவோ வளரும் வாய்ப்பு இருந்தால், தொடக்கத்திலேயே வேறு வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் அறிவுடைமை. பாதி வழியில் மாற்றுவது கடினம்.

அந்த வேறு வழிகளில் முன்னிற்பவை சாய்-1-உம் போல்ட்ஸ் வரிசையும். எம்ஐடி ஆய்வாளர்கள் 2024 நவம்பரில் வெளியிட்ட போல்ட்ஸ்-1-உம் 2025 ஜூனில் வந்த போல்ட்ஸ்-2-உம் எடைகளோடு சேர்த்து வணிகத்துக்கும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. போல்ட்ஸ்-2-க்கு இன்னொரு சிறப்பும் உண்டு: மூலக்கூறு எங்கே அமரும் என்பதோடு எவ்வளவு இறுக்கமாகப் பற்றும் என்பதையும் மதிப்பிட முயல்கிறது. நீண்ட நேரம் பிடிக்கும் இயற்பியல் சார்ந்த கணக்கீடுகளை நெருங்கும் துல்லியத்தை ஆயிரம் மடங்கு வேகத்தில் தருவதாக அதை உருவாக்கியவர்கள் கூறுகிறார்கள். அது எல்லாப் புரதக் குடும்பங்களுக்கும் ஒரே அளவில் பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சேவையகத்தில் சிறு மூலக்கூறுகளை ஒரு குறுகிய பட்டியலிலிருந்துதான் எடுக்க முடியும். போல்ட்ஸில் நாம் விரும்பும் எந்த மூலக்கூறையும் கொடுக்கலாம். மூலிகையிலிருந்து பிரித்த சேர்மங்களை ஆராயும் நம் கல்லூரிகளுக்கு இது நடைமுறையில் பெரிய வேறுபாடு. பதிலுக்கு நல்ல ஜிபியு கொண்ட கணினியும், கட்டளை வரியில் வேலை செய்யத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

ஆகவே இந்த இரண்டில் எது என்று கேட்டால் என் விடை இது: டிஎன்ஏயோடு அல்லது பொதுவான துணைநொதியோடு சேர்ந்த கூட்டு வடிவம் மட்டும் தேவைப்படும் கல்விசார் ஆய்வுக்கு ஆல்ஃபாஃபோல்டு 3 சேவையகமே போதும், புதிய சேர்மங்களோடு வேலை செய்பவர், அல்லது முடிவு எங்கே போய்ச் சேரும் என்று இன்னும் தீர்மானிக்காதவர், போல்ட்ஸ்-2-ஐக் கற்றுக்கொள்வதில் நேரத்தைச் செலவிட வேண்டும். துல்லியத்தில் உள்ள சிறு வேறுபாடு இந்தத் தேர்வை மாற்றும் அளவுக்கு முக்கியமானதன்று.

சோதனை எப்போது தவிர்க்க முடியாதது

படிகவியலும், 2017-இல் நோபல் பரிசு பெற்ற உறைநிலை மின்னணு நுண்ணோக்கி முறையும் இன்றும் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நேரம் எடுப்பவை. இந்தியாவில் பெங்களூரின் தேசிய க்ரையோ-இஎம் மையமும் எக்ஸ்-கதிர் தரும் இந்தூரின் இண்டஸ்-2 ஒளிமூலமும் இருக்கின்றன. அங்கே நேரம் பெறுவதற்கு முன் தூய்மையான, நிலையான புரதம் போதிய அளவில் கையில் இருக்க வேண்டும், அதுதான் பெரும்பாலோர் தடுமாறும் இடம். அப்படியிருந்தும், மருந்து மூலக்கூறு அமரும் விதத்தை அணு அளவில் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், வினை நிகழும் குழியில் ஒரு நீர் மூலக்கூறு இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வியென்றால், புரதம் இரு வடிவங்களுக்கிடையே மாறுவதே ஆய்வின் பொருளென்றால், சோதனையைத் தள்ளிப்போட வழியில்லை. டாம் டெர்வில்லிகரும் உடன் ஆய்வாளர்களும் நம்பகம் மிகுந்த கணிப்புகளைக்கூடச் சோதனையில் கிடைத்த மின்னடர்த்தி வரைபடங்களோடு நேரடியாக ஒப்பிட்டு, சில இடங்களில் கணிசமான விலகல் இருப்பதைக் காட்டினார்கள். கணிப்பைச் சிறந்த கருதுகோளாகக் கொள்ள வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அதையே நானும் ஏற்கிறேன்.

சோதனையும் கணிப்பும் ஒன்றுக்கொன்று எதிரிகள் என்று நினைக்க வேண்டியதுமில்லை. எக்ஸ்-கதிர்த் தரவிலிருந்து வடிவத்தை மீட்பதற்கு ஒரு தொடக்க மாதிரி தேவை. முன்பு உறவுப் புரதம் எதுவும் தீர்க்கப்படாமல் இருந்தால் அங்கேயே வேலை நின்றுவிடும். இப்போது ஆல்ஃபாஃபோல்டு கணிப்பையே தொடக்க மாதிரியாக வைத்து, அலமாரியில் கிடந்த பழைய தரவுகளைத் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். 2022-இல் மனித உட்கருத் துளைக் கூட்டின் சட்டகத்தை மாதிரியாக்கியபோதும், நுண்ணோக்கிப் படத்துக்குள் கணிப்பு வடிவங்களைப் பொருத்தித்தான் இடைவெளிகள் நிரப்பப்பட்டன.

இவ்வளவு பெரிய கருவி இல்லாத இடத்திலும் செய்யத்தக்க சோதனைகள் உண்டு. கணிப்பை மட்டும் வைத்து ஆய்வேட்டை முடித்துவிடும் பழக்கத்துக்கு நான் எதிரானவன் என்பதற்கு அவையே காரணம். கணிப்பு ஒரு லைசினை முக்கியமானது என்று காட்டினால், அதை அலனினாக மாற்றி நொதியின் வேகத்தை அளக்கலாம். சேர்மம் பற்றுகிறது என்று சொன்னால், புரதம் உருகும் வெப்பநிலை அதனால் உயர்கிறதா என்று பார்க்கலாம். இரண்டு சங்கிலிகள் இணையும் என்று சொன்னால், மூலக்கூறுகளை அளவால் பிரிக்கும் குழாயில் அவை எந்த நிறையில் வெளிவருகின்றன என்று கவனிக்கலாம். அரிவாள் ஹீமோகுளோபினில் இதன் மிக எளிய வடிவம் மருத்துவ ஆய்வகங்களில் நெடுங்காலமாக இருக்கிறது: இரத்தத்தைச் சிதைத்து, சோடியம் டைதயோனைட் சேர்த்து ஆக்சிஜனை நீக்கினால் கரைசல் கலங்கும், குழாய்க்குப் பின்னால் பிடித்த தாளின் கோடுகள் மறைந்துவிடும். செறிவான கரைசலில் மூலக்கூறுகள் கூடி என்ன செய்கின்றன என்னும் கேள்விக்கு அந்தக் கலங்கலே விடை தருகிறது. 746 அலகுக் கணிப்பு அந்தக் கேள்வியைத் தொடக்கூட இல்லை.

சோதனைக்கு முன்பே, பணம் எதுவும் செலவாகாமல் செய்ய வேண்டிய ஒரு பரிசோதனையும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் 1963-இல் வெளியிட்ட வரைபடம், புரதத்தின் முதுகெலும்பு எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்று வகுத்தது. அறுபது ஆண்டுகள் கழித்தும் எந்த மாதிரியையும் முதலில் அந்த வரைபடத்தில்தான் இட்டுப் பார்க்கிறார்கள். ஆரஞ்சு நிறப் பகுதிகளின் புள்ளிகள் அதில் அனுமதியற்ற இடங்களில் சிதறிக் கிடப்பதைக் காணலாம். ஆல்ஃபாஃபோல்டு 3-இல் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது பயன்படுத்தும், சிதறிய அணுக்களைப் படிப்படியாக ஒழுங்குபடுத்தி வடிவம் தரும் பரவல் முறை, வடிவமில்லாத பகுதிகளிலும் சில வேளை சுருள் போன்ற ஒழுங்கைக் கற்பித்துக் காட்டிவிடும். நம்பக மதிப்பெண் குறைவாக இருந்தும் பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும் இடங்களில் கண்ணை நம்பாமல் எண்ணை நம்ப வேண்டும்.

நிதி ஒதுக்கீட்டில் என் பரிந்துரை நேரடியானது. ஒரு ஜிபியு வாங்கும் அளவுக்குத்தான் பணம் இருக்கிறது, கேள்வியோ ஒன்றிரண்டு புரதங்களைப் பற்றியது என்றால், ஜிபியு வாங்க வேண்டாம். தரவுத்தளமும் கோலப்ஃபோல்டும் சேவையகமும் இருக்கும்போது, அந்தப் பணத்தைத் திரிபுகளை உருவாக்கவும் புரதத்தைத் தூய்மைப்படுத்தவும் செலவிடுங்கள். நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் சல்லடை போடும் திட்டமென்றால் மட்டும் ஜிபியுவும் போல்ட்ஸ்-2-உம் தம் விலைக்கு ஈடுகொடுக்கும். அப்போதும் பட்டியலின் உச்சியில் வரும் சேர்மங்களோடு, கீழே வரும் சிலவற்றையும் மேசையில் சோதிக்க ஒதுக்கீடு வேண்டும். உச்சியில் உள்ளவற்றை மட்டும் சோதித்தால் மென்பொருள் உண்மையில் பிரித்தறிகிறதா என்பது தெரியவே தெரியாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், மென்பொருளின் பதிப்பு, கொடுத்த வரிசை, கணிப்பின் தற்செயல் தேர்வுகளைத் தீர்மானிக்கும் தொடக்க எண், இயக்கிய நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, சேவையகம் தரும் ஐந்து மாதிரிகளையும் அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். நோய் எதிர்ப்புப் புரதங்கள் போன்றவற்றில் தொடக்க எண்ணை மாற்றினால் விடையே மாறிவிடும்; ஐந்தில் அழகான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கும் எவ்வளவு வேறுபட்டன என்பதை மறைத்த ஆய்வேட்டை, அடுத்து அதே புரதத்தை எடுக்கும் மாணவரால் சரிபார்க்க முடியாது.